உடம்பு முடியலன்னு வேலை இடத்துல எப்படி கேக்குறது: முதல் நாள்ல இருந்து கடைசி வரைக்கும் முழு வழிகாட்டி

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருக்குன்னு தெரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு, நம்மாளுங்க சரவாங்கின்னு சொல்வாங்களே அதேதான். காலைல எந்திரிச்சா விரல் மடங்காது. பேஸ்ட் டியூப விரலால பிதுக்க முடியாது, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு அமுக்கணும், சட்டை பட்டன் போடுறதுக்கே கால் மணி நேரம் ஆயிடும். ஒன்றரை மணி நேரம், மோசமான நாள்ல ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் மூட்டு மெதுவா இளகும். ஆனா வேலை ஆரம்பிக்கிற நேரம் 9 மணி, வந்த உடனே டைப் பண்ற வேலை.

முதல் தடவ நான் எப்படி கேட்டேன் தெரியுமா? மேனேஜர் கேபினுக்கு போய் "மேடம் உடம்புக்கு ரொம்ப முடியல, கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க"ன்னு சொல்லும்போதே அழுதுட்டேன். அவங்க நல்லவங்க. தண்ணி எடுத்து குடுத்தாங்க, "உடம்ப பாத்துக்கோங்க, எதுனாலும் என்கிட்ட சொல்லுங்க"ன்னாங்க. மறுநாள் அதே 9 மணி, அதே வேலை. ரொம்ப நாள் எனக்கு அவங்க மேல கோவம் இருந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சது, நான் எதையுமே கேக்கலயே, கஷ்டத்த சொன்னேன், அவங்க ஆறுதல் சொன்னாங்க, அதோட முடிஞ்சு போச்சு. எட்டு மாசம் கழிச்சு ரெண்டாவது தடவ கேட்டேன், ஒரு மெயில், ஒரு மீட்டிங், பத்து நாள்ல என் நேரம் மாறிடுச்சு. அதே மேனேஜர்தான்.

இந்த ரெண்டு தடவைக்கும் நடுவுல நான் கத்துக்கிட்டதும், அதுக்கப்புறம் கூட வேலை பாக்குறவங்களுக்கு மெயில் எழுதி குடுத்து, மீட்டிங்ல பக்கத்துல உக்காந்து தெரிஞ்சுக்கிட்டதும்தான் கீழ இருக்கு. நோயோட பேரு இங்க ரெண்டாம்பட்சம்தான். வேலைல எந்த இடத்துல இடிக்குது, எதை மாத்துனா சரியாகும், இந்த ரெண்டுக்கும் உங்க கைல பதில் இருக்கணும்.

1. யார்கிட்டயும் பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எழுதி வைங்க

இது சலிப்பா இருக்கும், ஆனா இதை விட்டுட்டு நேரா மெயில் எழுத உக்காராதீங்க. போன்லயே ஒரு நோட்டு திறந்து தேதி, நேரம், என்ன வேலை பண்ணிட்டு இருந்தீங்க, உடம்பு என்ன பண்ணுச்சு, எவ்ளோ நேரம் நீடிச்சுது, என்ன பண்ணப்போ கொஞ்சம் தேவலாம்னு இருந்துச்சு, அவ்ளோதான். நான் எழுதி வச்சிருந்ததுல ஒரு நாள் இப்படி இருந்துச்சு:

"செவ்வாய். 9.05 லாகின். வலது கை மூணு விரல் மடங்கல, பாஸ்வேர்டு ரெண்டு தடவ தப்பு. 9 முதல் 10.30 வரை 4 ஃபைல். 10.30 முதல் 12 வரை 11 ஃபைல். மதியத்துக்கு மேல கைல வலி இல்ல. 4 மணிக்கு அசதி."

இதை எழுதும்போது எனக்கே தெரியாது இதுல என்ன இருக்குன்னு. ரெண்டு வாரம் கழிச்சு மொத்தமா படிச்சப்பதான் தெரிஞ்சது, பிரச்சனை நாள் பூரா இல்ல, முதல் ஒன்றரை மணி நேரத்துலதான் இருக்கு. அது வரைக்கும் நான் "என்னால இந்த வேலையே பாக்க முடியாது போல, விட்டுறலாமா"ன்னு யோசிச்சிட்டு இருந்தேன். 4 ஃபைலும் 11 ஃபைலும் பக்கத்துல பக்கத்துல பாத்ததும், விட வேண்டியது வேலைய இல்ல, அந்த காலை நேரத்தன்னு புரிஞ்சது.

இன்னொரு விஷயமும் நோட்டுல தெரிஞ்சது. வாரத்துக்கு ஒரு தடவ போடுற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைய ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்டுட்டு இருந்தேன், திங்கக்கிழமை பூரா தல கனமா, குமட்டலா போகும். டாக்டர்கிட்ட கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாத்துனேன், அந்த அசதி லீவு நாள்ல போயிடுச்சு. இதுக்கு மேனேஜர் எதுக்கு? இப்படி உங்க பக்கத்துலயே சரி பண்ணக்கூடியது ஏதாவது இருக்கான்னு முதல்ல பாருங்க. மருந்து விஷயத்துல மட்டும் டாக்டர கேக்காம நீங்களா மாத்திராதீங்க.

2. கஷ்டத்த கோரிக்கையா மாத்துங்க

"முதுகு வலிக்குது" அப்படின்னா அது தகவல். "ஒரே எடத்துல 40 நிமிஷத்துக்கு மேல உக்கார முடியல, எந்திரிச்சு நின்னு வேலை பாக்க உயரம் மாத்துற மேஜை வேணும், அது வர்ற வரைக்கும் மணிக்கு ஒரு தடவ 5 நிமிஷம் நடந்துட்டு வர அனுமதி வேணும்" அப்படின்னா அது கோரிக்கை. ரெண்டாவதுக்குத்தான் சரின்னோ முடியாதுன்னோ பதில் சொல்ல முடியும்.

பிரிட்டன்ல டாக்டருங்க குடுக்குற ஃபிட் நோட்டுன்னு ஒரு சீட்டு இருக்கு. 2010ல அது வந்தப்போ முழுசா லீவுன்னு மட்டும் எழுதாம, சில மாற்றம் செஞ்சா வேலை பாக்கலாம்னு எழுதவும் வழி வச்சாங்க, அதுல நாலு கட்டம் இருக்கும்: கொஞ்சம் கொஞ்சமா வேலைக்கு திரும்புறது, நேரத்த மாத்துறது, வேலையோட தன்மைய மாத்துறது, இடத்துலயோ சாமான்லயோ மாற்றம் செய்றது. நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் யோசிக்கிறதுக்கு இந்த நாலும் நல்ல சட்டகம், கேக்க வேண்டியது பெரும்பாலும் இதுக்குள்ளதான் வரும்.

நான் பாத்ததுல இருந்து சிலது சொல்றேன். மைக்ரேன் இருக்கறவங்களுக்கு தலைக்கு மேல எரியுற டியூப்லைட்டும் ஸ்கிரீன் கூச்சமும்தான் பெரிய எதிரி, அந்த ஒரு லைட்ட எடுக்கிறது, இல்லன்னா சீட்ட மாத்துறது, அதுக்கு செலவே கிடையாது. குடல் பிரச்சனை இருக்கறவங்க பாத்ரூமுக்கு பக்கத்துல சீட்டும், கேள்வி கேக்காம எந்திரிச்சு போற உரிமையும் கேக்கலாம், கால் சென்டர் மாதிரி நிமிஷம் எண்ணுற இடத்துல அந்த நேரத்த கணக்குல சேக்கக்கூடாதுன்னும் எழுதி வாங்கணும். சுகர் இருந்து இன்சுலின் போடுறவங்களுக்கு சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகாம இருக்கணும், சுகர் டெஸ்ட் பண்ணவும் ஊசி போடவும் மறைவான சுத்தமான இடம் வேணும், பாத்ரூம் அதுக்கான இடம் கிடையாது. வலிப்பு இருக்கறவங்களுக்கு தூக்கம் கெட்டா ஃபிட்ஸ் தூண்டப்படலாம், அதனால நைட் ஷிஃப்ட்டும் வாராவாரம் மாறுற ஷிஃப்ட்டும் வேண்டாம்னு கேக்க நியாயமான மருத்துவ காரணம் இருக்கு. கீமோ எடுக்குறவங்க ஊசி போட்ட அடுத்த சில நாளுக்கு மட்டும் லீவோ குறைஞ்ச நேரமோ கேக்கலாம், மாசம் பூரா லீவு போட்டுத்தான் ஆகணும்னு இல்ல. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு அதுக்கு வெளிய வளர்ற நோய்) மாதிரி மாசத்துல குறிப்பிட்ட நாள்ல துடிக்க வைக்கிற வலிக்கு, அந்த நாள்ல மட்டும் வீட்டுல இருந்து வேலை. ஆஸ்துமாவுக்கு தூசியும் கெமிக்கல் வாசனையும் இல்லாத இடம்.

மூணு கேளுங்க, முப்பது கேக்காதீங்க. எது இல்லன்னா வேலையே நடக்காதோ அது முதல்ல, மத்தது அப்புறம். முதல் கோரிக்கைக்கு ஒரு மாற்று வழியும் மனசுல வச்சுக்கோங்க.

3. டாக்டர் லெட்டர்: என்ன எழுதணும்னு நீங்கதான் சொல்லணும்

பெரும்பாலான டாக்டருங்க "இவருக்கு இன்ன நோய், ஓய்வு தேவை"ன்னு ரெண்டு வரி எழுதி கையெழுத்து போட்டுருவாங்க. அதை வச்சு ஹெச்ஆர் என்ன பண்ணுவாங்க, லீவு மட்டும்தான் குடுக்க முடியும். உங்களுக்கு வேண்டியது வேற மாதிரி லெட்டர். உங்க நோட்ட எடுத்துட்டு போங்க, டாக்டர்கிட்ட காட்டி இந்த நாலு விஷயம் லெட்டர்ல வரணும்னு பணிவா கேளுங்க: வேலை செய்யும்போது உடம்புக்கு எதெல்லாம் முடியாது, என்ன மாற்றம் செஞ்சா முடியும், இது எவ்ளோ காலத்துக்கு வேணும், எப்ப திரும்ப பரிசோதிக்கணும்.

என் டாக்டர் எழுதுனது ஆறே வரி. காலைல மூட்டு இறுக்கம் ரெண்டு மணி நேரம் வரை இருக்கும், அந்த நேரத்துல விரலுக்கு நுணுக்கமான வேலை குடுக்கக்கூடாது, 10.30க்கு மேல வேலை ஆரம்பிக்கிறது நல்லது, ஆறு மாசம் கழிச்சு திரும்ப பாக்கணும். நோய் பேரு ஒரு இடத்துல இருந்துச்சு, நான் சம்மதிச்சதால. வேண்டாம்னா "நீண்டகால மூட்டு பாதிப்பு"ன்னு பொதுவா எழுத சொல்லலாம். ரத்த டெஸ்ட் ரிப்போர்ட், ஸ்கேன், மாத்திரை சீட்டு இதெல்லாம் கேக்கறதுக்கு முன்னாடியே தூக்கி குடுக்காதீங்க. ஒரு தடவ குடுத்தது யார் மெயில்ல போய் உக்காரும்னு உங்களால கட்டுப்படுத்த முடியாது.

மன அழுத்தம், பதட்டம், தூக்கமின்மைன்னு இருக்கறவங்க இதுல கூடுதலா கவனமா இருக்கணும். "பர்ன்அவுட்"னு, அதாவது வேலை அழுத்தத்துல முழுசா சோர்ந்து போன நிலைன்னு, மட்டும் லெட்டர்ல எழுதி வாங்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல அதை தன்னோட நோய் வகைப்பாட்டுல சேத்தப்போ வேலை சார்ந்த ஒரு நிலைன்னுதான் சேத்தாங்க, நோய்னு சொல்லல. அதனால ஹெச்ஆர்ல "இது மெடிக்கல் இல்லயே"ன்னு ஒரு வாசல் திறந்து குடுத்த மாதிரி ஆயிடும். டிப்ரஷனோ ஆங்ஸைட்டியோ இருந்தா அதுக்கான மதிப்பீடு செஞ்சு, அதனால வேலைல என்ன பாதிக்குதுன்னு எழுத சொல்லுங்க: கவனம் ஒரே மூச்சுல எவ்ளோ நேரம் நிக்குது, காலைல மருந்து மயக்கம் இருக்கா, வாராவாரம் கவுன்சிலிங்குக்கு எவ்ளோ நேரம் வேணும். கோரிக்கையும் அப்படித்தான், வேலைய வாயால சொல்லாம எழுத்துல குடுங்க, அவசர வேலைக்கு முன்னுரிமை எதுன்னு தினமும் சொல்லுங்க, வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாடி போக விடுங்க. இதெல்லாம் யாருக்கும் பாரமான விஷயம் இல்ல. மனசு விஷயத்த சொல்ல வெக்கமா இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், டிப்ரஷன், ஆங்ஸைட்டியால மட்டும் உலகத்துல வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாள் இழப்பாகுதுன்னு உலக சுகாதார நிறுவனமும் ஐநாவோட தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் சொல்லிருக்காங்க. நீங்க தனியா இல்ல, நிஜமாவே.

4. உங்க பக்கம் என்ன விதி இருக்குன்னு பாத்துட்டு போங்க

முதல்ல கம்பெனி பாலிசி. வேலைல சேந்தப்போ குடுத்த கையேடு, லீவு விதி, வீட்டுல இருந்து வேலை பாக்குற விதி, சம வாய்ப்பு பாலிசின்னு ஒண்ணு இருக்கும், எல்லாத்தையும் ஒரு தடவ படிங்க. நிறைய இடத்துல நீங்க கேக்கப் போறது ஏற்கனவே எழுதி இருக்கும், யாரும் பயன்படுத்தாம கிடக்கும்.

அப்புறம் சட்டம். ஐநாவோட மாற்றுத்திறனாளி உரிமை ஒப்பந்தம் 2006ல வந்துச்சு, அதுல ரீசனபிள் அக்காமடேஷன்னு ஒரு கருத்து இருக்கு, அதாவது அளவுக்கு மீறிய சுமை இல்லாத வரைக்கும் தேவையான மாற்றத்த செஞ்சு குடுக்கணும், அதை மறுக்கறதும் பாகுபாடுதான். அதுக்கு முன்னாடியே அமெரிக்கால 1990ல வந்த சட்டம் 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துக்கு இதை கட்டாயமாக்குச்சு. பிரிட்டன்ல 2010 சமத்துவ சட்டம் இதை ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்னு சொல்லுது. இந்தியால 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துல 21 வகை பாதிப்பு பட்டியல்ல இருக்கு, அரசு நிறுவனத்துல வேலை பாக்கும்போது பாதிப்பு வந்தா அதுக்காக வேலைய விட்டு தூக்கவோ பதவி இறக்கவோ கூடாதுன்னு தெளிவா இருக்கு, முடியலன்னா அதே சம்பளத்துல வேற பணிக்கு மாத்தணும். எல்லா நோயும் எல்லா சட்டத்துலயும் வராது, அதனால உங்க நாட்டுல உங்க பாதிப்பு வருதான்னு பாத்துக்கோங்க. வரலன்னாலும் கேக்கலாம், கேக்கறதுக்கு சட்டம் தேவை இல்ல, அவங்க மறுத்தா எதிர்க்கத்தான் சட்டம் தேவை.

ஒண்ணு மட்டும், முதல் மெயில்லயே சட்டப் பிரிவு நம்பர் போடாதீங்க. சண்டைக்கு வந்த மாதிரி தெரியும், உடனே அவங்களும் வக்கீல கேட்டு பதில் எழுதுவாங்க. தெரிஞ்சு வச்சுக்கோங்க, பையிலயே இருக்கட்டும்.

5. யார்கிட்ட, எவ்ளோ சொல்றது

மேனேஜர் உங்கள புரிஞ்சுக்கிறவர்னா முதல்ல அவர்கிட்ட, ஹெச்ஆருக்கு காப்பி. அவராலதான் பிரச்சனையே வருதுன்னா நேரா ஹெச்ஆர். பெரிய இடத்துல கம்பெனி டாக்டர் இருந்தா அவர் வழியா போறது ரொம்ப நல்லது, நோய் விவரம் அவரோட நின்னுரும், மேனேஜருக்கு என்ன மாற்றம் வேணும்னு மட்டும் போகும்.

மேனேஜருக்கு உங்க உடம்போட வரலாறு தேவை இல்ல. ஆபரேஷன் எங்க நடந்துச்சு, என்ன மாத்திரை, குழந்தை எப்ப பிறக்கும்னு பிளான் பண்ணீங்க, இதெல்லாம் கேட்டா "வேலைக்கு தேவையானது லெட்டர்ல இருக்கு சார்"னு சொல்லி நிறுத்திக்கலாம். கூட வேலை பாக்குறவங்களுக்கு சொல்றதும் சொல்லாததும் உங்க விருப்பம். நான் "டாக்டர் சொன்னதால என் நேரம் மாறிருக்கு"ன்னு ஒரு வரி மட்டும் சொன்னேன், ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, ஒரு மாசத்துல பழகிருச்சு.

இன்னொண்ணு, சொல்லாமலே மறைக்கக்கூடாத சில வேலை இருக்கு. வண்டி ஓட்டுறது, உயரத்துல ஏறுறது, பெரிய மெஷின் பக்கத்துல நிக்கிறது. மயக்கமோ வலிப்போ வர வாய்ப்பு இருந்தா அங்க உங்க உயிரும் மத்தவங்க உயிரும் இருக்கு. வேலை போயிருமோன்னு பயமா இருக்கும், புரியுது, ஆனா இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

6. மெயில்

நேர்ல பேசுறதுக்கு முன்னாடி மெயில். பேச்சு காத்தோட போயிடும், மெயிலுக்கு தேதி இருக்கும். சின்னதா இருக்கணும், அழுகை இருக்கக்கூடாது, மன்னிப்பும் கேக்கக்கூடாது. நான் அனுப்புனது கிட்டத்தட்ட இப்படி:

"பொருள்: உடல்நலம் காரணமாக வேலை நேர மாற்றம் குறித்த கோரிக்கை

வணக்கம் மேடம்,
எனக்கு நீண்டகால மூட்டு பாதிப்பு உள்ளது. காலையில் சுமார் இரண்டு மணி நேரம் விரல்கள் இறுகி இருப்பதால் அந்த நேரத்தில் டைப் செய்வது மெதுவாகிறது. கடந்த இரண்டு வாரத்தில் 10.30 மணிக்கு முன் சராசரியாக 4 ஃபைலும், அதன்பின் அதே அளவு நேரத்தில் 11 ஃபைலும் முடித்துள்ளேன்.
ஆகவே என் வேலை நேரத்தை 10.30 முதல் 7.30 வரை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மொத்த நேரம் குறையாது. காலை 9.30 டீம் மீட்டிங்கில் வீட்டிலிருந்து போனில் கலந்துகொள்கிறேன்.
டாக்டர் கடிதம் இணைத்துள்ளேன். ஆறு வாரம் சோதனையாகச் செய்து பார்த்து பிறகு முடிவு செய்யலாம். இதுபற்றி பேச இந்த வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?
நன்றி."

கவனிச்சீங்கன்னா இதுல நாலு வேலை நடக்குது, எங்க இடிக்குது, என்ன வேணும், அவங்க வேலை எப்படி கெடாம நடக்கும், எப்ப திரும்பி பாக்கலாம். அந்த காலை மீட்டிங் வரிய ஒரு நாள் பூரா யோசிச்சு சேத்தேன், ஏன்னா அவங்க மனசுல வரப்போற முதல் கேள்வி அதுதான்னு தெரியும். ஆறு வார சோதனைங்கறதும் முக்கியம், நிரந்தரமா ஒத்துக்கோன்னு சொன்னா எந்த மேனேஜரும் மேல கேட்டுட்டு சொல்றேன்னுதான் சொல்வாங்க, சோதனைன்னா அவங்களே முடிவெடுக்க தைரியம் வரும்.

7. மீட்டிங்

நல்லா இருக்குற நேரத்துல வைக்க சொல்லுங்க, எனக்கு மதியம், உங்களுக்கு எதுவோ அது. மெயில பிரிண்ட் எடுத்துட்டு போங்க. தனியா போக பயமா இருந்தா கூட ஒருத்தர கூட்டிட்டு வரலாமான்னு முன்னாடியே கேளுங்க, யூனியன் ஆளோ நம்பிக்கையான சக ஊழியரோ.

அழுகை வந்தா வரட்டும், அதுல அவமானம் ஒண்ணும் இல்ல, "ஒரு நிமிஷம் குடுங்க"ன்னு சொல்லிட்டு, காகிதத்த பாத்து விட்ட எடத்துல இருந்து படிங்க. அதுக்குத்தான் காகிதம்.

அவங்க சொல்லக்கூடியது சிலது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். "உங்களுக்கு குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணுமே"ன்னா, "டாக்டர் லெட்டரோட யார் வந்தாலும் குடுக்கறதுதானே மேடம் நியாயம், எல்லாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லலாம். "பாலிசில இல்ல"ன்னா, "பாலிசி தடுக்குதா, இல்ல அதுல பேசவே இல்லயா"ன்னு கேளுங்க, பெரும்பாலும் ரெண்டாவதாத்தான் இருக்கும். "கொஞ்ச நாள் லீவு எடுத்து ரெஸ்ட் எடுங்களேன்"ங்கறது ரொம்ப அன்பா வரும், அங்கதான் வழுக்கும். லீவு தீர்ந்த அடுத்த நாள் காலைலயும் என் விரல் அப்படியேதான் இருக்கும், அதனால "லீவு எனக்கு உதவாது மேடம், வேலை பாக்கத்தான் வழி கேக்குறேன்"னு சொன்னேன். அந்த வரிக்கப்புறம் அவங்க முகம் மாறுச்சு, நோட்ட எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க.

அவங்க வேற வழி சொன்னா உடனே மறுக்காதீங்க. என்கிட்ட வாய்ஸ் டைப்பிங் போட்டு தரட்டுமான்னு கேட்டாங்க, நான் நினைச்சே பாக்கல, இப்ப வரைக்கும் அது பயன்படுது. அங்கயே முடிவு சொல்ல முடியலன்னா "யோசிச்சு நாளைக்கு சொல்றேன்"னு வந்துருங்க.

8. அன்னைக்கு சாயங்காலமே

பேசுனத அப்படியே மெயில்ல போடுங்க. "இன்று பேசியபடி, திங்கள் முதல் ஆறு வாரத்துக்கு வேலை நேரம் 10.30 முதல் 7.30 வரை, வாய்ஸ் டைப்பிங் ஐடி டீம் மூலம், அடுத்த பார்வை இந்தத் தேதி. தவறாக இருந்தால் தெரிவிக்கவும்." இவ்ளோதான். இந்த மெயில உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி வைங்க, கம்பெனி ரகசிய தகவல் எதுவும் அதுல இல்லாத மாதிரி பாத்துக்கிட்டு. ஆறு வாரத்துக்கும் நோட்டு தொடரட்டும், மாற்றம் வேலை செய்யுதுன்னு காட்ட அதுதான் ஆதாரம்.

9. முடியாதுன்னு சொன்னா

முதல்ல காரணத்த எழுத்துல கேளுங்க, பணிவா. வாயால முடியாதுன்னு சொல்றது சுலபம், எழுதணும்னா நிறைய பேர் ரெண்டாவது தடவ யோசிப்பாங்க. காரணத்துக்கு ஏத்த மாதிரி உங்க மாற்று வழிய வைங்க. அதுவும் இல்லன்னா ஹெச்ஆர், அவங்களுக்கு மேல இருக்கறவங்க, எழுத்துல புகார். யூனியன் இருந்தா இந்த கட்டத்துல கண்டிப்பா சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் தொழிலாளர் துறை, சட்ட உதவி மையம். பல நாட்டுல புகார் குடுக்க கால வரம்பு இருக்கு, அதை முதல் வாரத்துலயே விசாரிச்சிருங்க.

கேட்ட பிறகு திடீர்னு வேலைய குறை சொல்றது, நல்ல வேலைய பிடுங்கறது, கிண்டல் பண்றதுன்னு நடந்தா தேதி போட்டு எழுதி வைங்க, மெயில், மெசேஜ் எல்லாம் பத்திரமா இருக்கட்டும். அப்புறம் இது ரொம்ப முக்கியம், "நீங்களே ரிசைன் பண்ணிருங்க, நல்லபடியா அனுப்பி வைக்கிறோம்"னு சொன்னா அந்த ரூம்ல கையெழுத்து போடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சிட்டு, விவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டிட்டு சொல்றேன்னு எந்திரிச்சு வந்துருங்க. தானா வேலைய விட்டவங்களுக்கு பல உரிமை அந்த கையெழுத்தோட போயிடும். அப்படி கையெழுத்து போட்டுட்டு அப்புறம் அழுத ஒருத்தர எனக்கு தெரியும், அந்த வருத்தம் இன்னும் எனக்கு போகல.

10. ஹெச்ஆரும் இல்ல, மெயிலும் இல்லாத இடத்துல

கடை, பட்டறை, வீட்டு வேலை, டெலிவரின்னு இருக்கறவங்களுக்கு மேல சொன்னதுல பாதி பொருந்தாது, ஆனா அடிப்படை அதேதான். முதலாளி வேலை முடிஞ்சு சும்மா இருக்குற நேரமா பாத்து, "அண்ணாச்சி, கால் வீங்குது, நின்னுட்டே பாக்க முடியல, ஆள் இல்லாத நேரத்துல உக்கார ஒரு ஸ்டூல் வேணும், கஸ்டமர் வந்தா எந்திரிச்சுக்கிறேன்"னு ஒரே ஒரு விஷயத்த கேளுங்க. கேரளாவுல 2018லயும் தமிழ்நாட்டுல 2021லயும் கடை ஊழியர்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு சட்டத்தையே திருத்துனாங்க, அதாவது ஒரு ஸ்டூல் கேக்கறது சலுகை இல்லன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு. சரின்னு சொன்னா அன்னைக்கே வாட்ஸ்அப்ல "ஸ்டூலுக்கு ரொம்ப நன்றி அண்ணாச்சி, நாளைல இருந்து அப்படி பாத்துக்கிறேன்"னு ஒரு மெசேஜ் போட்டு வைங்க, நன்றியும் ஆச்சு, பதிவும் ஆச்சு.

நேரம் கூடிக்கிட்டே போற வேலைல இருக்கறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்குறவங்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பாக்குறவங்கள விட பக்கவாதம் வர அபாயம் 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓவும் சேந்து 2021ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. ஏற்கனவே பிரஷர் இருக்கறவங்க ஓவர்டைம் குறைக்க கேக்கும்போது டாக்டர் சீட்டோட இதையும் சொல்லலாம்.

11. கிடைச்ச பிறகு

ரிவ்யூ தேதிய நீங்கதான் ஞாபகப்படுத்தணும், அவங்க மறந்துருவாங்க. உடம்பு மாறும், நல்லாவும் ஆகும் மோசமாவும் ஆகும், அப்போ கோரிக்கையும் மாறட்டும், தேவை இல்லாதத நீங்களே திருப்பி குடுத்தா அடுத்து கேக்கும்போது உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்கும். எனக்கு ரெண்டாவது வருஷம் மருந்து நல்லா பிடிச்சு காலை இறுக்கம் ஒரு மணி நேரமா குறைஞ்சுது, நானே போய் 10 மணின்னு மாத்திக்கிட்டேன்.

அதிகமா உடைஞ்சு போற இடம் எது தெரியுமா, மேனேஜர் மாறும்போது. பழையவங்களோட இருந்த புரிதல் அவங்களோடயே போயிடும், புதுசா வர்றவர் உங்க லாகின் நேரத்த பாத்துட்டு லேட்டா வர்ற ஆளுன்னு நினைச்சுருவார். அதனால அவர் வந்த முதல் வாரத்துலயே அந்த பழைய உறுதி மெயில ஃபார்வேர்டு பண்ணி, மேல ஒரு வரி, "சார், இந்த ஏற்பாட்டின்படி என் நேரம் 10 மணி, கேள்வி இருந்தா பேசலாம்." நான் இதுவரைக்கும் மூணு மேனேஜருக்கு அதே மெயில அனுப்பிட்டேன். மூணாவது ஆள் "ஓகே, நோட்டட்"னு ரெண்டே வார்த்தைல பதில் போட்டார்.